99 ஆண்டுக் குத்தகை: ஜார்ஜ் புல்மனின் வாழ்வும் வழக்கும்

தெம்பனிஸில் வளர்ந்தவர்களுக்கு 99 ஆண்டுக் குத்தகை என்றால் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை. நாம் பிறந்து வளர்ந்த வீவக வீடே அப்படிப்பட்டதுதான். வீட்டுக் கடன், மத்திய சேமநிதி, மிச்சமிருக்கும் ஆண்டுகள் என்று பெரியவர்கள் சாப்பாட்டு மேசையில் பேசிக்கொள்வதைக் கேட்டே வளர்ந்திருக்கிறோம். 99 ஆண்டு என்பது நமக்கு ஏறக்குறைய நிரந்தரம் என்பதற்கு மறுபெயர். அப்படியொரு குத்தகையில் கையெழுத்திட்டு, 15 ஆண்டுகள் அதன் பலனை அனுபவித்துவிட்டு, பிறகு அந்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று ஒரு தரப்பு நீதிமன்றத்தில் வாதிட்டால் என்ன ஆகும்? வாதிட்டவர் தோற்றிருப்பார் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1891இல் அவர் பக்கம்தான் தீர்ப்பளித்தது. அந்த நிறுவனத்தின் தலைவர் பெயர் ஜார்ஜ் மார்ட்டிமர் புல்மன்.

புல்மன் என்ற பெயர் இன்று பலருக்கு ஒரு ஹோட்டல் பெயராகவே தெரியும். ரயிலில் படுத்துறங்கியபடியே பயணம் செய்யலாம் என்பதை ஒரு பெருந்தொழிலாக்கியவர் அவர். தமிழகத்துக்குப் போகும்போது சென்னையிலிருந்து மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ இரவு ரயிலில் மேல்படுக்கையில் ஏறிப் படுத்திருப்போம் அல்லவா? பகலில் இருக்கை, இரவில் படுக்கை என்ற ஏற்பாட்டை உலகறியச் செய்தவர்களில் முதன்மையானவர் புல்மன். அவர் அதைக் கண்டுபிடித்தவர் அல்லர். இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் வரும் வழக்குக்கு இதுவே வேர்.

1831ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தின் மேற்கு மூலையில் உள்ள பிராக்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை லூயிஸ் புல்மன் ஒரு தச்சர். கட்டடங்களை இடிக்காமல் அப்படியே பெயர்த்து வேறிடத்துக்கு நகர்த்தும் வேலையில் தேர்ந்தவர். அதற்கான கருவி ஒன்றுக்குக் காப்புரிமையும் பெற்றவர். ஜார்ஜ் 14 வயதில் பள்ளியை விட்டு ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு குடும்பம் ஆல்பியன் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. அப்போது ஈரி கால்வாயை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். கரையோரக் கட்டடங்களைப் பின்னுக்கு நகர்த்த ஆள் தேவைப்பட்டது. 1853இல் தந்தை இறந்ததும் 22 வயது மகன் அந்தத் தொழிலையும் குடும்பப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார்.

1859இல் சிகாகோவுக்கு வந்தார். அந்த நகரம் அப்போது சேற்றில் தத்தளித்துக்கொண்டிருந்தது. ஏரி மட்டத்துக்குச் சற்றே மேலே அமைந்த ஊர். கழிவுநீர் வடிய வழியில்லை. சாலைகளை உயர்த்திக் குழாய் பதிக்க நகராட்சி முடிவெடுத்தபோது, ஏற்கெனவே கட்டப்பட்ட வீடுகளும் கடைகளும் பள்ளத்தில் நின்றன. அவற்றைத் தூக்கி நிறுத்தும் வேலை புல்மனுக்கும் அவருடைய பங்காளிகளுக்கும் கிடைத்தது. அடித்தளத்தின் கீழ் நூற்றுக்கணக்கான திருகுத் தூக்கிகளைப் பொருத்தி, சைகை கொடுத்ததும் ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சிறிது சிறிதாகத் திருக வேண்டும். 1861இல் டிரெமான்ட் ஹவுஸ் என்ற பெரிய செங்கல் ஹோட்டலை, உள்ளே விருந்தினர்கள் தங்கியிருந்தபோதே உயர்த்தினார்கள். இருப்பதை இடிக்காமல், உள்ளிருப்பவர் தூக்கம் கலையாமல் உயர்த்துவது என்ற இந்தத் திறமைதான் பின்னாளில் ரயில் பெட்டியாக மாறியது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சிகாகோ வந்த அதே ஆண்டில் சிகாகோ-ஆல்டன் ரயில்வேயின் சாதாரணப் பெட்டிகள் இரண்டைப் படுக்கைப் பெட்டிகளாக மாற்றிக் கொடுத்தார். பெரிய வரவேற்பில்லை. இடையில் கொலராடோவின் தங்க வேட்டைப் பகுதிக்குப் போய்ச் சில ஆண்டுகள் வணிகம் செய்து பணம் சேர்த்துக்கொண்டு திரும்பினார். பிறகுதான் பயனியர் என்று பெயரிட்ட ஆடம்பரப் பெட்டி உருவானது. அதற்கு ஏறத்தாழ 20,000 டாலர் செலவானதாகச் சொல்வார்கள். வழக்கமான பெட்டிகளைவிட உயரமும் அகலமும் கூடியது. பல நடைமேடைகளுக்கும் பாலங்களுக்கும் இடையே நுழையாது. 1865இல் ஆபிரகாம் லிங்கன் கொல்லப்பட்டபோது அவரது இறுதிப் பயண ரயிலில் இந்தப் பெட்டியைச் சேர்ப்பதற்காகவே நடைமேடைகளை வெட்டிக் குறைத்தார்கள், அதிலிருந்து புல்மன் பெயர் நாடெங்கும் பரவியது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் கதை. அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று வரலாற்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். நல்ல வியாபாரிகளைச் சுற்றி நல்ல கதைகளும் வளர்ந்துவிடுகின்றன.

1867இல் புல்மன் பேலஸ் கார் கம்பெனி இல்லினாய் மாநிலச் சாசனத்துடன் பிறந்தது. அந்த நிறுவனத்தின் உண்மையான புத்திசாலித்தனம் பெட்டியில் இல்லை, ஏற்பாட்டில் இருந்தது. பெட்டிகளை ரயில்வேக்களுக்கு விற்கவில்லை. தானே சொந்தமாக வைத்துக்கொண்டு, தன் பணியாளர்களையும் ஏற்றி, ரயில்வேயின் வண்டியோடு இணைத்து ஓட்டியது. பயணி ரயில்வேயிடம் சாதாரணக் கட்டணத்தையும், படுக்கைக்கான கூடுதல் கட்டணத்தைப் புல்மனிடமும் செலுத்துவார். ரயில்வேக்கு முதலீடு மிச்சம். புல்மனுக்கு நாடெங்கும் ஓடும் ஒரு ஹோட்டல். தண்டவாளம் ஒருவருடையது, வண்டி இன்னொருவருடையது, நடத்துவது வேறொருவர் என்ற பிரிவினை சிங்கப்பூரர்களுக்குப் புதிதல்ல. 2016இல் நிலப் போக்குவரத்து ஆணையம் எஸ்எம்ஆர்டியிடமிருந்து ரயில்களையும் சமிக்ஞைக் கருவிகளையும் ஏறத்தாழ 100 கோடி வெள்ளிக்கு வாங்கிக்கொண்டு, நடத்தும் பொறுப்பை மட்டும் அந்த நிறுவனத்திடமே விட்டது நினைவிருக்கலாம்.

இந்தத் தொழிலில் புல்மனுக்கு முன்னோடியாக இருந்தவர் தியடோர் உட்ரஃப். அவரும் கூட்டாளிகளும் 1862இல் பென்சில்வேனியாவில் சென்ட்ரல் டிரான்ஸ்போர்ட்டேஷன் கம்பெனி என்ற நிறுவனத்தை அமைத்திருந்தார்கள். காப்புரிமைகள் அவர்களிடம் இருந்தன. கிழக்கு மாநிலங்களின் பெரிய ரயில்வேக்களோடு ஒப்பந்தங்களும் இருந்தன. பின்னாளில் எஃகு அரசராக விளங்கிய ஆண்ட்ரூ கார்னெகி, பென்சில்வேனியா ரயில்வேயில் வேலை பார்த்த இளைஞராக இருந்தபோதே உட்ரஃபின் தொழிலில் பங்கு வாங்கியிருந்தார். கண்டத்தைக் குறுக்கே கடக்கும் யூனியன் பசிபிக் பாதையில் படுக்கைப் பெட்டி ஓட்டும் உரிமைக்கு இரு தரப்பும் போட்டியிட்டன. ஒருவரையொருவர் அழித்துக்கொள்வதைவிடச் சேர்ந்துகொள்வதே மேல் என்று கார்னெகி புல்மனை இணங்க வைத்தார். கூட்டு நிறுவனத்துக்குப் புல்மன் பெயரையே வைக்கலாம் என்று ஆசை காட்டியும்தான்.

அந்த நட்பின் அடுத்த படியே 1870 பிப்ரவரியில் கையெழுத்தான குத்தகை. சென்ட்ரல் நிறுவனம் தன்னிடமிருந்த நூற்றுக்கு மேற்பட்ட பெட்டிகள், ரயில்வே ஒப்பந்தங்கள், காப்புரிமைகள் அனைத்தையும் 99 ஆண்டுகளுக்குப் புல்மன் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. பதிலுக்குப் புல்மன் நிறுவனம் ஆண்டுக்கு 2,64,000 டாலர் காலாண்டுத் தவணைகளாகத் தர வேண்டும். இன்னொரு விதியும் இருந்தது: அந்த 99 ஆண்டுகளும் சென்ட்ரல் நிறுவனம் படுக்கைப் பெட்டித் தொழிலில் இறங்கவே கூடாது. அதாவது, பெயரளவில் உயிரோடிருக்கும் ஒரு நிறுவனம், வேலை எதுவும் செய்யாமல் குத்தகைப் பணத்தை வாங்கிப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இதற்கு வசதியாக, சில நாள்களுக்கு முன்னர்தான் பென்சில்வேனியச் சட்டமன்றம் அந்த நிறுவனத்தின் ஆயுளை 99 ஆண்டு நீட்டித்து, பெட்டிகளைக் குத்தகைக்கு விட ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்றும் சட்டம் இயற்றியிருந்தது.

15 ஆண்டுகள் பணம் ஒழுங்காக வந்தது. இதற்குள் நிலைமை மாறியது. பழைய பெட்டிகள் தேய்ந்து காலாவதியாயின. ரயில்வேக்களோடு சென்ட்ரல் செய்திருந்த ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றாக முடிய, ரயில்வேக்கள் புல்மனோடு நேரடியாகப் புது ஒப்பந்தம் செய்துகொண்டன. இனி எதற்காக ஆண்டுக்கு 2,64,000 டாலர்? 1885இல் புல்மன் நிறுவனம் குத்தகையை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. வருமானம் குறைந்தால் விலகிக்கொள்ள ஒப்பந்தத்திலேயே இடமிருக்கிறது என்பது அதன் வாதம். சென்ட்ரல் ஏற்கவில்லை. நிலுவையான மூன்று காலாண்டுத் தவணைகளுக்காக, 1,98,000 டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தது.

அப்போதுதான் புல்மன் தரப்பு வழக்கறிஞர்கள் உறையிலிருந்து இன்னொரு கத்தியை உருவினார்கள். நம்மில் சட்டம் படிப்பவர்கள் முதலாம் ஆண்டிலேயே சந்திக்கும் அல்ட்ரா வைரீஸ் கோட்பாடுதான் அது. ஒரு நிறுவனம் சாசனத்தால் பிறக்கிறது. சாசனம் தந்த அதிகாரத்துக்கு அப்பால் அது செய்வது எதுவும் சட்டத்தின் கண்ணில் நடக்கவே இல்லை. இங்கிலாந்தில் 1875இல் ஆஷ்பரி என்ற ரயில் பெட்டி நிறுவனத்தின் வழக்கில் பிரபுக்கள் சபை இதை உறுதிசெய்திருந்தது. அமெரிக்காவிலும் நியூ ஜெர்சியின் ஒரு சிறு ரயில்வே தன் பாதையை 20 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு விட்டது செல்லாது என்று 1879இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அந்த வழியில், சென்ட்ரல் நிறுவனத்துக்குத் தன் முழுத் தொழிலையும் கைமாற்றிவிட்டுச் சும்மா இருக்க அதிகாரமே கிடையாது, ஆகவே குத்தகை செல்லாது, ஆகவே பணம் தர வேண்டியதில்லை என்றது புல்மன் தரப்பு. 15 ஆண்டுகள் அந்தக் குத்தகையின் துணையால் போட்டியே இல்லாமல் வளர்ந்த நிறுவனம் சொல்கிறது இதை!

1891 மார்ச் 2ஆம் நாள் நீதிபதி ஹொரேஸ் கிரே எழுதிய தீர்ப்பு வெளிவந்தது. புல்மனுக்கு வெற்றி. தீர்ப்பின் தர்க்கம் முதலில் எரிச்சலூட்டும். இரண்டாம் முறை படிக்கும்போது அதன் நியாயம் புலப்படும். ரயில் பயணிகளுக்குப் பணியாற்றுவதற்காக அரசு ஒரு நிறுவனத்துக்குச் சாசனம் தருகிறது. அந்த நிறுவனம் பொதுமக்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது. அந்தக் கடமையை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு, 99 ஆண்டுகள் போட்டியிடவும் மாட்டேன் என்று வாக்களிப்பது பொதுநலனுக்கு எதிரானது. 1870ஆம் ஆண்டுச் சட்டம் பெட்டிகளைக் குத்தகைக்கு விட அனுமதித்தது உண்மைதான். ஆனால் அது அன்றாடத் தொழிலின் பகுதியாகப் பெட்டிகளை வாடகைக்கு விடுவதைத்தான் குறிக்குமே தவிர, நிறுவனமே தன்னைத்தான் விற்றுக்கொள்வதை அல்ல. அதிகாரமில்லாத ஒப்பந்தத்தை எத்தனை ஆண்டு நடைமுறைப்படுத்தினாலும் அது செல்லுபடியாகாது. பலனை அனுபவித்தவர் பிறகு மறுத்துப் பேசக்கூடாது என்ற வழக்கமான தடையும் இங்கே பொருந்தாது; ஏனென்றால் இங்கே காக்கப்படுவது பிரதிவாதியின் நேர்மை அல்ல, பொதுமக்களின் நலன்.

அதே சமயம், செல்லாத ஒப்பந்தத்தின்கீழ் பெற்ற சொத்தைப் புல்மன் அப்படியே வைத்துக்கொள்ளலாமா? கூடாது. ஒப்பந்தத்தின்படி பணம் கேட்க முடியாது; ஆனால் கொடுத்த பொருளையோ அதன் மதிப்பையோ திரும்பக் கேட்கலாம். அந்தக் கணக்குத் தீர இன்னும் 7 ஆண்டுகள் பிடித்தன. 1898இல் உச்ச நீதிமன்றம், கீழ் நீதிமன்றம் விதித்த பெருந்தொகையை வெகுவாகக் குறைத்து, 7 லட்சத்துச் சொச்சம் டாலரும் வட்டியும் தரச் சொன்னது. அதைக் காண முன்னோடி உட்ரஃப் உயிரோடில்லை. 1892இல் ரயில் மோதி இறந்துபோனார்.

புல்மனும் இல்லை. அவர் கதையின் கசப்பான பகுதிக்கு இப்போது வருவோம்.

1880இல் சிகாகோவுக்குத் தெற்கே கேலுமெட் ஏரியோரம் 4,000 ஏக்கர் நிலம் வாங்கி, தொழிற்சாலையோடு ஒரு நகரத்தையே கட்டினார் புல்மன். கட்டடக் கலைஞர் சாலன் பீமன் வடிவமைத்த செங்கல் வீடுகள், குழாய்த் தண்ணீர், எரிவாயு, பூங்கா, நூலகம், நாடக அரங்கு, கூரையிட்ட அங்காடி, மகள் ஃப்ளோரன்ஸ் பெயரில் ஒரு ஹோட்டல். அக்காலச் சிகாகோத் தொழிலாளர் குடியிருப்புகளோடு ஒப்பிட்டால் சொர்க்கம். பார்த்து வியக்க உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள். ஆனால் ஊரில் ஒரு செங்கல்கூடக் குடியிருப்பவருக்குச் சொந்தமில்லை. வீட்டை விலைக்கு வாங்க முடியாது. தேவாலயமும் வாடகைக்குத்தான். ஹோட்டலைத் தவிர வேறெங்கும் மது கிடையாது. போட்ட முதலுக்கு 6 விழுக்காடு வருமானம் வர வேண்டும் என்பது முதலாளியின் கணக்கு. இது தருமம் அல்ல, வியாபாரம் என்பதை அவர் ஒருபோதும் மறைக்கவில்லை.

முதலாளியே வீட்டுக்காரராகவும் இருப்பது எப்படிப்பட்டது என்பதை நம் தாத்தா பாட்டிகள் சொல்லக் கேட்டிருக்கலாம். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் லயன் வீடு தோட்டத்துடையது, கடை தோட்டத்துடையது, வேலை போனால் வீடும் போகும். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்களும் தளத்தின் குடியிருப்புகளில் வாழ்ந்தவைதான். புல்மன் நகரத்தின் வீடுகள் லயன்களைவிடப் பன்மடங்கு வசதியானவை. பிடியின் தன்மை மட்டும் ஒன்றே.

1893இல் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தது. புல்மன் நிறுவனம் ஆட்குறைப்புச் செய்தது. கூலியை ஏறக்குறைய கால்பங்கு குறைத்தது. வாடகையைக் குறைக்கவில்லை. கூலியைத் தீர்மானித்தவர்களும் வாடகையைத் தீர்மானித்தவர்களும் ஒருவரே என்றாலும், இரண்டும் வெவ்வேறு தொழில்கள் என்பது புல்மனின் நிலை. வாடகை பிடித்ததுபோகச் சிலர் கையில் சில காசுகளே மிஞ்சின. பின்னர் விசாரித்த அரசு ஆணையத்தின் முன் வைக்கப்பட்ட கணக்கைப் பாருங்கள்: ஓராண்டில் மொத்தக் கூலி சுமார் 72 லட்சம் டாலரிலிருந்து 45 லட்சமாகக் குறைந்தது; அதே காலத்தில் பங்குதாரர்களுக்குத் தந்த ஆதாயம் சுமார் 25 லட்சத்திலிருந்து 29 லட்சமாகக் கூடியது.

1894 மே 11ஆம் நாள் வேலைநிறுத்தம் தொடங்கியது. யூஜீன் டெப்ஸ் தலைமையிலான அமெரிக்க ரயில்வே சங்கம் நடுவர் தீர்ப்புக்கு விடலாம் என்று கேட்டது. புல்மன் மறுத்தார். ஜூன் இறுதியில், புல்மன் பெட்டி இணைத்த எந்த வண்டியையும் தொடமாட்டோம் என்று சங்கம் அறிவிக்க, நாட்டின் மேற்குப் பாதியில் ரயில்கள் நின்றன. அதிபர் குரோவர் கிளீவ்லண்ட் படையை அனுப்பினார். மோதல்களில் 30 பேர் அளவில் உயிரிழந்தார்கள். நீதிமன்றத் தடையாணையை மீறியதாக டெப்ஸ் சிறை சென்றார். சங்கம் உடைந்தது, புல்மன் இந்த முறையும் வென்றார். ஆனால் அரசு ஆணையம், சுற்று வட்டாரத்தைவிட 20 முதல் 25 விழுக்காடு கூடுதலாக இருந்த அவருடைய வாடகையையும், விட்டுக்கொடுக்காத போக்கையும் வெளிப்படையாகவே குறைகூறியது.

அந்த வேலைநிறுத்தத்தில் குரலே கேட்காத ஒரு கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புல்மன் பெட்டிகளில் படுக்கை விரித்து, காலணி துடைத்து, இரவெல்லாம் விழித்திருந்த பணியாளர்கள் அனைவரும் கறுப்பினத்தவர். தொடக்கத்தில் பலர் அடிமைத்தளையிலிருந்து அண்மையில் விடுபட்டவர்கள். சொற்பச் சம்பளம், மீதிக்குப் பயணிகளின் அன்பளிப்பு. பயணிகள் அவர்களுடைய பெயரைக் கேட்காமல், முதலாளியின் பெயரால் ஜார்ஜ் என்றே எல்லோரையும் அழைத்தார்கள். டெப்ஸின் சங்கமும் அவர்களை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. 1925இல் அவர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்து, ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் 1937இல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் கண்டார்கள்.

1897 அக்டோபர் 19ஆம் நாள் மாரடைப்பால் புல்மன் இறந்தார். தொழிலாளர்கள் உடலைத் தோண்டி எடுத்துவிடுவார்களோ என்று குடும்பத்தார் அஞ்சினார்கள். சிகாகோவின் கிரேஸ்லண்ட் கல்லறையில் ஆழக் குழி தோண்டி, ஈயத்தகடு வேய்ந்த பெட்டியை வைத்து, சுற்றிலும் கான்கிரீட் ஊற்றி, மேலே எஃகுத் தண்டவாளங்களை அடுக்கி மறுபடியும் கான்கிரீட் இட்டார்கள். உயிலில் இரட்டைப் பிள்ளைகளான மகன்கள் இருவருக்கும் ஆண்டுக்கு 3,000 டாலர் மட்டும். ஊரில் ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளி அமைக்க 12 லட்சம் டாலர். நிறுவனத்தின் தலைமைக்கு அதன் சட்ட ஆலோசகராக இருந்த ராபர்ட் டாட் லிங்கன் வந்தார். ஆம், ஆபிரகாம் லிங்கனின் மகன்தான்.

வேலைநிறுத்தத்துக்குப் பிறகு இல்லினாய் மாநிலத் தலைமை வழக்கறிஞர் ஒரு வழக்குத் தொடுத்திருந்தார். ரயில் பெட்டி கட்டவும் ஓட்டவும் சாசனம் பெற்ற ஒரு நிறுவனத்துக்கு, வீடு வாடகைக்கு விடவும் ஓர் ஊரையே சொந்தமாக வைத்து நடத்தவும் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பது கேள்வி. தொழிலாளர்களுக்கு நல்ல வீடு தருவது தொழிற்சாலைக்குத் தேவையான ஒன்றுதானே என்று நிறுவனம் வாதிட்டது. 1891இல் அது சென்ட்ரல் நிறுவனத்தின் மீது வீசிய அதே கத்தி, இப்போது அதன் கழுத்துக்கே திரும்பியிருந்தது. 1898 அக்டோபரில், குத்தகைக் கணக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டாம் தீர்ப்பு வந்து சில மாதங்களில், மாநில உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது: ஊரை வைத்திருப்பது சாசனத்தின் எல்லையைக் கடந்த செயல், தொழிலுக்குத் தேவையில்லாத சொத்துகளை நிறுவனம் விற்றுவிட வேண்டும்.

அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு, அடுத்த சில ஆண்டுகளில் வீடுகளை விற்றார்கள். குடியிருந்தவர்களுக்கும் வாங்க வாய்ப்புக் கிடைத்தது. 1907 வாக்கில் விற்பனை பெரும்பாலும் முடிந்தது. அந்தச் செங்கல் வரிசைவீடுகளில் பல இன்றும் சிகாகோவின் தெற்குப் பகுதியில் மக்கள் குடியிருக்கும் வீடுகளாகவே நிற்கின்றன. அந்த வட்டாரம் 2015இல் தேசிய நினைவிடமாகவும், 2022இல் தேசிய வரலாற்றுப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது.